பிராட்ஃபோர்டில அப்பீல்: பாரிஸ்டர் லண்டனில இருந்துதான் வரவேணுமோ?

லீட்ஸ்வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்குள்ள ஒரு இழுபறி. ஆரைக் கேக்கிறது எண்டு தெரியாமல் இங்க எழுதுறன்.

என்ர அக்காவின்ர மனுசன் இங்க அசைலம் அடிச்சவர், அகதித் தஞ்சம் கேட்டவர். ஹோம் ஒஃபிஸ் ரிஃபியூஸ் பண்ணிப்போட்டுது. அப்பீலை 14 நாளுக்குள்ள போட்டாச்சு. ஹியரிங் பிராட்ஃபோர்டில, ட்ரிபியூனல் இருக்கிற ஃபீனிக்ஸ் ஹவுசிலதான் நடக்கும்போல கிடக்கு எண்டு கேஸை நடத்திற சொலிசிட்டர் சொல்லுறா. திகதி இன்னும் வரேல்லை.

சொலிசிட்டர் லீட்ஸில இருக்கிறா. லீகல் எயிட்டில, எண்டால் அரசாங்கக் காசில செய்யிறா. பஸ்ஸால இறங்கினால் அவவின்ர ஒஃபிஸ் வாசல். 2009க்குப் பிறகு அத்தானுக்கு நடந்ததுகளை எழுதி எடுக்கேக்க, அவர் கதைக்க ஏலாமல் நிண்டிட்டார் எண்டால், "இண்டைக்குப் போதும்" எண்டு ஃபைலை மூடி வைச்சுப்போட்டு வேற நாளுக்கு வரச் சொல்லுவா. முதுகில இருக்கிற தழும்புகளுக்கு டாக்டரிட்ட ரிப்போர்ட் எடுக்கவும் அவதான் ஒழுங்கு செய்தவ. அவவில எங்களுக்கு நல்ல நம்பிக்கை.

இப்ப அவ ஹியரிங்கில நிண்டு வாதாட மான்செஸ்டரில இருக்கிற ஒரு பாரிஸ்டரைக் கேட்டிருக்கிறா. அதை நான் ஃபோனில சொன்னவுடன லண்டன் சொந்தங்கள் எல்லாரும் ஒரே மாதிரிக் குழம்பிப்போச்சினம். ஹரோவில இருக்கிற மாமா சொல்லுறார், "பெரிய பாரிஸ்டர்மார் எல்லாம் டெம்பிள் பக்கம்தான் இருக்கினம். எங்கட ஆக்களின்ர பெரிய கேஸ் எல்லாம் லண்டனிலதான் நடந்தது. மான்செஸ்டர்காரனுக்கு வல்வெட்டித்துறையும் தெரியாது, வவுனியாவும் தெரியாது. காசை நாங்கள் சேர்த்துத் தாறம், லண்டன் பாரிஸ்டரைப் பிடி." அன்பிலதான் சொல்லுறார், எனக்குத் தெரியும். ஆனால் அக்கா இரவில நித்திரை கொள்ளுறேல்லை. மாமா சொன்னதைக் கேளாமல் விட்டு, நாளைக்கு ஏதும் பிழைச்சால் ஆர் பதில் சொல்லுறது எண்டு கேக்கிறா.

எனக்குத் தெரியவேண்டியது இதுதான். பாரிஸ்டர் எந்த ஊரில இருக்கிறார் எண்டது உண்மையில கேஸைப் பாதிக்குமோ? லண்டனில இருந்து வந்த பாரிஸ்டர் எண்டால் ஜட்ஜ் கூட மதிப்பாரோ? இல்லை, அந்தந்த இடத்து ஜட்ஜ்மாரைத் தெரிஞ்ச உள்ளூர் பாரிஸ்டர்தான் நல்லதோ? இதுகளுக்குள்ளால போய் வந்த ஆக்கள் சொல்லுங்கோ. அத்தான் லண்டனில நடந்த ஆர்ப்பாட்டங்களுக்கும் போனவர், அதுவும் கேஸில இருக்கு.

ஈஸ்ட்ஹாம் தம்பி:

அக்கா, உங்கட மாமா சொல்லுறதில நியாயம் இருக்கு. என்ர அண்ணாவின்ர அப்பீல் லண்டன் டெய்லர் ஹவுசில நடந்தது. வந்த லண்டன் பாரிஸ்டர் அம்மா எங்கட கேஸுகளையே வருசக்கணக்காச் செய்யிறவ. ஜோசப் காம்ப் எண்டால் எது, பூசா எங்க இருக்கு, நாலாம் மாடி எண்டால் என்ன எண்டு, எங்கட ஆக்களைப் பிடிச்சு வைச்ச அந்த இடங்களைப் பற்றி அவவுக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கேல்லை. அண்ணா ஒரு இடத்தில தடுமாறேக்க, எந்தக் கேள்வியால அவரைத் திருப்பிக் கொண்டுவரலாம் எண்டு அவவுக்குத் தெரிஞ்சிருந்தது. கேஸ் வெண்டது.

வடக்குப் பக்கத்துப் பாரிஸ்டர்மாருக்குக் கூட வாறது ஈரான், ஈராக், எரித்திரியா கேஸ். அவை கெட்டிக்காரர் இல்லையெண்டு நான் சொல்லேல்லை. ஆனால் எங்கட ஆக்கள் கூடுதலா இருக்கிறது லண்டனிலதானே, அதால அனுபவமும் அங்கதான் கூட இருக்கும். குடும்பம் காசு போடத் தயார் எண்டால் யோசியாதேங்கோ.

ஓய்வுபெற்ற கேஸ்வேர்க்கர்:

தங்கச்சி, நான் லண்டனில சொலிசிட்டர் ஒஃபிசுகளில கேஸ்வேர்க்கரா வேலை செய்து ஓய்வெடுத்தவ. பாரிஸ்டர்மாருக்குப் பின்னால குந்தியிருந்து நோட்ஸ் எழுதினதுதான் என்ர அரைவாசிச் சீவியம். டெய்லர் ஹவுஸ், ஹட்டன் குரொஸ், ஃபீல்ட் ஹவுஸ், வடக்கில பிராட்ஃபோர்டும் மான்செஸ்டரும் எண்டு எல்லா இடமும் போயிருக்கிறன். உங்கட கேஸ் ஃபைலை நான் பார்க்கேல்லை. அதால கேஸைப் பற்றி ஒண்டும் சொல்லமாட்டன். நீங்கள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுறன்.

முதல்ல இந்த டெம்பிள் கதையை விளங்கிக்கொள்ளுங்கோ. இங்கிலாந்திலயும் வேல்ஸிலயும் பாரிஸ்டரா வாற ஒவ்வொருவரும் "இன்" எண்டு சொல்லுற நாலு பாரிஸ்டர் சங்கங்களில ஒண்டில சேர்ந்துதான் ஆகவேணும்: லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள். நாலும் லண்டனில. அதால மான்செஸ்டரில பிறந்து, மான்செஸ்டரிலயே தொழில் செய்யிறவரின்ர விபரத்திலயும் "லிங்கன்ஸ் இன்" எண்டு கிடக்கும். அது அவர் பாரிஸ்டரான இடம், அவ்வளவுதான். பிறகு அவை சேம்பர்ஸில சேருவினம். சேம்பர்ஸ் எண்டது கொம்பனி இல்லை. தனித்தனியாத் தொழில் செய்யிற பாரிஸ்டர்மார் ஒரு கூரைக்குக் கீழ, கிளார்க்மாரைப் பொதுவா வைச்சுக்கொண்டு நடத்திற இடம். பர்மிங்ஹாமில தொடங்கின நம்பர் ஃபைவ் சேம்பர்ஸுக்கு லண்டனிலயும் பிரிஸ்டலிலயும் வாசல் இருக்கு. மான்செஸ்டரில இருக்கிற கார்டன் கோர்ட் நோர்த் இமிக்ரேஷன் கேஸ் செய்யிற சேம்பர்ஸ்தான். அட்ரஸைப் பார்த்து ஆள் எப்பிடி எண்டு கண்டுபிடிக்க ஏலாது.

வழக்காடுற உரிமையிலயும் வித்தியாசம் இல்லை. மான்செஸ்டர் நோர்தேர்ன் சர்க்கிட், லீட்ஸும் பிராட்ஃபோர்டும் நோர்த் ஈஸ்டேர்ன் சர்க்கிட் எண்டு பாரிஸ்டர்மார் தங்களுக்குள்ள ஆறு சர்க்கிட்டாப் பிரிஞ்சிருக்கினம். அது சங்கம் மாதிரி, எல்லைக்கோடு இல்லை. இங்கிலாந்து, வேல்ஸ் முழுக்க ஆரும் எங்கயும் வரலாம்.

இனி ஜட்ஜ். லண்டனில இருந்து வந்தவர் எண்டு கூட்டி மதிச்ச ஜட்ஜையும் நான் காணேல்லை, உள்ளூர் முகம் எண்டு இரங்கின ஜட்ஜையும் காணேல்லை. எங்கட நாட்டுக் கேஸுகளுக்கு, அடுத்த கட்ட அப்பீலைக் கேக்கிற அப்பர் ட்ரிபியூனல் தந்த வழிகாட்டுத் தீர்ப்புகள் இருக்கு. 2013ல ஜி.ஜே. கேஸ், 2021ல கே.கே., ஆர்.எஸ். கேஸ். டெய்லர் ஹவுஸ் ஜட்ஜும் பிராட்ஃபோர்ட் ஜட்ஜும் இதுகளைத்தான் பின்பற்றவேணும். விலகிறது எண்டால் பலமான ஆதாரம் வேணும். ஆர்ப்பாட்டங்களுக்குப் போனவர் எண்டு சொல்லுறீங்கள், அதுக்கு இந்த 2021 தீர்ப்புத்தான் முக்கியம். என்ன அமைப்பு, என்ன வேலை செய்தவர், எவ்வளவு காலம், ஊரில முந்தி என்ன நடந்தது, குடும்பத்தில ஆருக்கு என்ன தொடர்பு எண்டு எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுற தீர்ப்பு. சும்மா கொடியோட நிண்ட படம் மட்டும் காணாது.

ஈஸ்ட்ஹாம் தம்பி சொன்னதில ஒரு பாதியை நான் முழுமனதா ஒத்துக்கொள்ளுறன். எங்கட கேஸ் செய்து பழகினவரோ எண்டது மெத்தப் பெரிய விசயம். ஆனால் அதை ஊரை வைச்சு ஊகிக்காமல் நேர கேளுங்கோ. சொலிசிட்டரிட்ட சொல்லுங்கோ: "இந்த பாரிஸ்டர் இலங்கைத் தமிழ்க் கேஸ் செய்திருக்கிறாரோ? கே.கே., ஆர்.எஸ். வந்தபிறகு அதை வைச்சு வாதாடியிருக்கிறாரோ? தழும்பு ரிப்போர்ட் இருக்கிற கேஸ் செய்திருக்கிறாரோ?" தழும்பு விசயத்தில 2019ல உச்ச நீதிமன்றம் கே.வி. எண்ட ஒரு தமிழரின்ர கேஸில தீர்ப்புச் சொன்னது. தழும்பு எப்பிடி வந்தது எண்டு ஆள் சொல்லுற கதையோட அது எவ்வளவுக்குப் பொருந்துது எண்டு டாக்டர் அபிப்பிராயம் சொல்லலாம் எண்டது அதில தெளிவாச்சுது. அந்த டாக்டர் ரிப்போர்ட்டை எப்பிடிப் பாவிக்கிறது எண்டு தெரிஞ்ச பாரிஸ்டர் லண்டனிலயும் இருக்கினம், மான்செஸ்டரிலயும் இருக்கினம். தெரியாதவையும் ரெண்டு இடத்திலயும் இருக்கினம்.

தூரம் கேஸைப் பாதிக்கிற இடம் வேற. லண்டன் பாரிஸ்டர்மாரோட வடக்குக்குப் போன நாட்களில நான் கண்டது இது. அண்டைய கேஸ் லிஸ்ட் காலமை பத்து மணிக்குத் தொடங்கும். கிங்ஸ் குரொஸில இருந்து பிராட்ஃபோர்ட் கிட்டத்தட்ட மூண்டு மணித்தியாலம். முதல் நாள் இரவே போய்த் தங்கவேணும், இல்லாட்டி விடியக்காலை முதல் ட்ரெயினைப் பிடிக்கவேணும். ட்ரெயின் பிந்தினால், அப்பீல்காரர் பாரிஸ்டரின்ர முகத்தை முதல் முதல் பார்க்கிறது வெயிற்றிங் ஏரியாவில, ஜட்ஜ் கூப்பிடப் பத்து நிமிசம் இருக்கேக்க. ஊரில அடிபட்டு, உயிர் தப்பி வந்த மனுசன் அந்தப் பத்து நிமிசத்தில முன்பின் தெரியாத ஒருவரிட்ட எப்பிடித் திறந்து கதைப்பார்? கைநடுங்கிக்கொண்டு உள்ள போனவையை நான் கண்டிருக்கிறன். அந்த நடுக்கத்தை ஹோம் ஒஃபிஸ் ஆள் வேற மாதிரி அர்த்தப்படுத்தலாம். மான்செஸ்டர் விக்டோரியாவில இருந்து பிராட்ஃபோர்ட் ஒரு மணித்தியாலம். அந்த ஒரு வித்தியாசத்துக்காகவே உங்கட சொலிசிட்டரின்ர முடிவை நான் மதிப்பன்.

ஆனால் தங்கச்சி, இதை விடப் பெரிய விசயம் ஒண்டு இருக்கு, அது உங்கட கையில ஏற்கெனவே இருக்கு. அசைலம் கேஸ் வெல்லுறதும் தோக்கிறதும் அநேகமா ஹியரிங் நாளுக்கு முன்னமே தீர்மானமாகுது. அத்தானின்ர ஸ்டேட்மென்ட், டாக்டர் ரிப்போர்ட், ஊரில இருந்து வந்த கடிதங்கள், பிறகு ட்ரிபியூனலுக்குப் போற ஸ்கெலிடன் ஆர்கியுமென்ட், எண்டால் எங்கட வாதத்தின்ர எழுத்துச் சுருக்கம். அதை வாசிச்சுப் போட்டு ஹோம் ஒஃபிஸ் தன்ர முடிவைத் திரும்பப் பார்க்கவேணும். சில கேஸ் அந்தக் கட்டத்திலயே அவை பின்வாங்கி முடியிறதும் உண்டு. இந்த வேலையெல்லாம் மணித்தியாலக் கணக்கா, ஆளோட முகத்துக்கு முகம் இருந்து செய்யவேண்டிய வேலை. இதைச் செய்யிறது சொலிசிட்டர். கிட்ட இருக்கவேண்டியவர் அவர்தான். லண்டனில சொலிசிட்டரை வைச்சுக்கொண்டு ஃபோனிலயும் வட்ஸப்பிலயும் ஸ்டேட்மென்ட் குடுத்த வடக்கு ஆக்களின்ர ஃபைலுகளை நான் பிறகு திறந்து பார்த்திருக்கிறன். திகதி பிழை, ஊர்ப்பேர் பிழை, அண்ணனுக்குப் பதிலாத் தம்பி. ஒவ்வொரு பிழையும் ஹியரிங்கில ஒரு குறுக்குக் கேள்வி. நீங்கள் பஸ்ஸால போற தூரத்தில, அழுதால் ஃபைலை மூடி வைக்கத் தெரிஞ்ச ஒரு மனுசி இருக்கிறா எண்டு எழுதியிருக்கிறீங்கள். அவவை விட்டுப்போடாதேங்கோ.

மாமாவின்ர காசு விசயம். லீகல் எயிட்டில நடக்கிற வேலைக்கு மேலால குடும்பம் காசு குடுத்துப் "பெரிய" பாரிஸ்டரைப் பிடிக்க ஏலாது. அப்பிடி வாங்கிறதைச் சட்டம் விடாது. லண்டன் பாரிஸ்டரைக் காசுக்குப் பிடிக்கிறது எண்டால் லீகல் எயிட்டையே விட்டுப்போட்டு முழுக் கேஸையும் பிரைவேட்டாக் கொண்டுபோகவேணும். பாரிஸ்டர் ஃபீஸ், அதுக்கு மேல ட்ரெயின், ஹோட்டல். சொலிசிட்டருக்கும் இண்டையில இருந்து நீங்கள்தான் குடுக்கவேணும். இதில வெண்டாலும் அந்தச் செலவு திரும்பி வரும் எண்டு எண்ணிச் செலவழிக்கக் கூடாது. இதை மாமாவுக்கு நேர சொல்லுங்கோ. கோவிக்கமாட்டார்.

கிளாஸ்கோ தமிழன்:

வணக்கம் சகோதரி. மேலே அம்மா சொன்னதெல்லாம் இங்கிலாந்து, வேல்ஸுக்குப் பொருந்தும். நான் தஞ்சாவூர்க்காரன், கிளாஸ்கோவில் இருக்கிறேன். ஒரு இலங்கை நண்பரின் குடும்பத்துக்காக இதே விஷயத்தில் அலைந்ததால் ஒன்று சேர்க்கிறேன்.

ஹோம் ஆபீஸ் கொடுக்கும் வீட்டில் அத்தான் இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படி இருந்தால், அவர்கள் வேறு ஊருக்கு மாற்றலாம். ஊரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு இல்லை. என் நண்பர் குடும்பத்தை இங்கே ஸ்காட்லாந்துக்கு மாற்றிவிட்டார்கள். எல்லையைத் தாண்டினால் இடம் என்பது திடீரென்று பெரிய விஷயம் ஆகிவிடும்.

குடியேற்றச் சட்டம் நாடு முழுக்க ஒன்றுதான். ட்ரிபியூனலும் ஒன்றுதான், கிளாஸ்கோவிலும் அமர்கிறது. ஆனால் ஸ்காட்லாந்தின் நீதிமன்றங்கள் தனி, வக்கீல் தொழிலும் தனி. இங்கே பாரிஸ்டர் கிடையாது, அட்வகேட்தான். அவர்கள் எடின்பரோவில் இருக்கும் ஃபேகல்டி ஆஃப் அட்வகேட்ஸைச் சேர்ந்தவர்கள். அப்பர் ட்ரிபியூனலிலும் தோற்று மேலே போனால் ஸ்காட்லாந்து கேஸ் லண்டன் அப்பீல் கோர்ட்டுக்குப் போகாது, எடின்பரோவில் உள்ள கோர்ட் ஆஃப் செஷனுக்குப் போகும். அங்கே நின்று வாதாட இங்கிலாந்து பாரிஸ்டருக்குச் சாதாரணமாக உரிமை இல்லை. லீகல் எய்டும் தனி அமைப்பு, ஸ்காட்டிஷ் லீகல் எய்ட் போர்டு. இங்கிலாந்தில் கிடைத்த உதவி அப்படியே தொடரும் என்று நினைத்துவிடாதீர்கள். வட அயர்லாந்தும் இதுபோலத்தான், பெல்ஃபாஸ்ட்டில் அவர்களுக்கென்று தனி பார் (பாரிஸ்டர்களின் அமைப்பு), தனி அப்பீல் கோர்ட்.

நண்பரின் விஷயத்தில் பழைய சொலிசிட்டர் லண்டனில், குடும்பம் இங்கே, டாக்டர் அப்பாயின்ட்மென்ட் இன்னோர் ஊரில். கடைசியில் கிளாஸ்கோவிலேயே சொலிசிட்டர் பிடித்த பிறகுதான் காகிதங்கள் ஒழுங்காயின. அந்த மாதங்களில் அந்தக் குழந்தைகள் பட்ட அவஸ்தையை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதனால்தான் சொல்கிறேன்: வீடு மாற்றும் கடிதம் வந்தால் அன்றைக்கே சொலிசிட்டருக்குத் தெரிவியுங்கள். ட்ரிபியூனலுக்கும் புது விலாசம் போகவேண்டும்.

லீட்ஸ்வாசி எழுதியது:

எல்லாருக்கும் மெத்தப் பெரிய நன்றி. கிளாஸ்கோ அண்ணா, அத்தானும் அக்காவும் எங்கட வீட்டிலதான் இருக்கினம். அதால வீடு மாத்திற பயம் இப்போதைக்கு இல்லை.

அன்ரி, உங்கட பதிலை அக்காவுக்கு வாசிச்சுக் காட்டினன். சொலிசிட்டரை மாத்திற கதை முடிஞ்சுது. ஆனால் மாமாவோட கதைக்க, அவர் ரெண்டு விசயம் புதுசாச் சொல்லுறார். ஒண்டு, பாரிஸ்டர்மார் கடைசி நேரத்தில வராமல் வேற ஆளை அனுப்புவினமாம், அவற்ற சிநேகிதருக்கு அப்பிடி நடந்ததாம். மற்றது, இப்ப சொலிசிட்டர் இல்லாமலே பாரிஸ்டரை நேர பிடிக்கலாமாம், அது மலிவாம். இதுகள் உண்மையோ?

ஓய்வுபெற்ற கேஸ்வேர்க்கர்:

தங்கச்சி, ரெண்டும் உண்மை. ஆனால் ரெண்டுக்கும் பின்னால விசயம் இருக்கு.

பாரிஸ்டர் மாறுறது நடக்கிற ஒண்டுதான். வேறொரு கேஸ் இழுபட்டால், வருத்தம் வந்தால், பிரீஃபை, எண்டால் வாதாட எடுத்த கேஸைத் திருப்பிக் குடுப்பினம். பாரிஸ்டருக்கு நேரமில்லை எண்டதுக்காக ட்ரிபியூனல் லேசில திகதியை மாத்தாது. கிளார்க் அதே சேம்பர்ஸில வேற ஆரும் இருக்கினமோ எண்டு தேடுவார். இந்த இடத்திலதான் கிட்ட இருக்கிற சேம்பர்ஸ் கைகுடுக்கும். முதல் நாள் பின்னேரம் அஞ்சு மணிக்கு ஆள் தேவை எண்டால், மான்செஸ்டரில ஒருவர் இரவிரவா ஃபைலை வாசிச்சுப்போட்டுக் காலமை ட்ரெயின் ஏறலாம். லண்டனில அதே நேரத்தில பிராட்ஃபோர்ட் வரத் தயாரான ஆளைத் தேடுறது வலு கஷ்டம், நான் அந்த ஃபோன் கோல்களை எடுத்து அலுத்தவ. சொலிசிட்டரிட்ட இப்பவே கேட்டு வையுங்கோ, இவர் வர ஏலாமல் போனால் ஆர் வருவினம் எண்டு. நல்ல சொலிசிட்டர் அந்தக் கேள்விக்குக் கோவிக்கமாட்டா. ஸ்கெலிடன் ஆர்கியுமென்டையும் ஹியரிங்குக்கு வரப்போற பாரிஸ்டரே எழுதுறாரோ எண்டும் கேளுங்கோ. எழுதினவரே வந்து நிண்டால் அவருக்கு அந்த ஃபைல் கைரேகை மாதிரித் தெரிஞ்சிருக்கும்.

நேர பிடிக்கிறதுக்குப் பேர் பப்ளிக் அக்செஸ். 2004ல இருந்து இருக்கு. அதுக்கெண்டு பயிற்சி எடுத்து அனுமதி உள்ள பாரிஸ்டர்மார் மட்டும் செய்யலாம். பாரிஸ்டர்மாரைக் கண்காணிக்கிற பார் ஸ்டாண்டர்ட்ஸ் போர்டின்ர பதிவேட்டில பேரைப் போட்டுப் பார்த்தால் அனுமதி இருக்கோ, தொழில் செய்யிற இடம் எது, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் நடந்ததோ எண்டு தெரியும். காசு செலவில்லை, ஆரும் பார்க்கலாம். ஆனால் அப்பிடிப் பிடிக்கிற பாரிஸ்டர் பொதுவா ஆலோசனை சொல்லுவார், எழுதித் தருவார், வந்து வாதாடுவார். அதுக்கெண்டு தனி அனுமதி எடுத்திருந்தால் ஒழிய, கேஸை நடத்திற வேலை அவற்ற இல்லை. ட்ரிபியூனலுக்குக் காகிதம் போடுறது, ஹோம் ஒஃபிஸோட கடிதப் போக்குவரத்து, டாக்டருக்குப் பின்னால திரியிறது எல்லாம் உங்கட தலையில. லீகல் எயிட் கிடைக்கக்கூடிய ஆளுக்கு அதைச் சொல்லவேண்டிய கடமையும் பாரிஸ்டருக்கு இருக்கு. மாணவர் விசா, வேலை விசா மாதிரிச் சின்னக் கேள்விக்கு அது நல்ல வழி. அத்தானின்ர கேஸுக்கு இல்லவே இல்லை.

செய்யவேண்டிய காரியம் ஒண்டு. ஹியரிங்குக்கு ஒரு கிழமையாவது முந்தி பாரிஸ்டரோட ஒரு கொன்ஃபரன்ஸ், எண்டால் கேஸைப் பற்றிக் கதைக்கிற சந்திப்பு, வேணும் எண்டு சொலிசிட்டரிட்டக் கேளுங்கோ. நேர வர ஏலாது எண்டால் வீடியோவில நடக்கட்டும், ஆனால் அத்தான் வீட்டில தனிய ஃபோனைப் பிடிச்சுக்கொண்டு இருக்கக்கூடாது. சொலிசிட்டரின்ர ஒஃபிசில, பக்கத்தில மொழிபெயர்ப்பாளர் இருக்க, ஸ்கிரீனில பாரிஸ்டர். ஹியரிங்குக்குள்ள ட்ரிபியூனல் மொழிபெயர்ப்பாளரைத் தரும். வெளியில பாரிஸ்டரோட தனியக் கதைக்க அவரை நம்பியிருக்காதேங்கோ, அதுக்கு உங்கட பக்கத்தால ஒழுங்கு செய்யவேணும். ரெண்டுக்கும் இலங்கைத் தமிழ் கதைக்கிறவர் வேணும் எண்டு எழுத்தில சொல்லிவையுங்கோ. டாக்டர் ரிப்போர்ட்டில மன அழுத்தம், நித்திரையின்மை எண்டு இருந்தால், அத்தானை மெதுவாக் கேள்வி கேக்கவேணும், இடைவேளை குடுக்கவேணும் எண்டு ஜட்ஜிட்டக் கேக்கலாம். அதுவும் அந்தக் கொன்ஃபரன்ஸில முடிவெடுக்கவேண்டியது.

மாமாவின்ர காசுக்கும் ஒரு நல்ல வழி இருக்கு. அத்தானோட லண்டன் ஆர்ப்பாட்டங்களில நிண்டவை ஆராவது சாட்சியா வரத் தயாரோ எண்டு பாருங்கோ. கடிதம் மட்டும் குடுத்தால் ஜட்ஜ் அதுக்கு அவ்வளவு பாரம் குடுக்கமாட்டார், எழுதினவரைக் கேள்வி கேக்க ஏலாதெல்லோ. ஆள் நேர வந்து, தன்ர விசா நிலையையும் காட்டி, "இவரை எனக்கு இன்ன காலத்தில இருந்து தெரியும், நாங்கள் இன்ன வேலை செய்தனாங்கள்" எண்டு சொன்னால் அது வேற. வேலைக்கு லீவு போட்டு, ஈஸ்ட்ஹாமில இருந்தோ டூட்டிங்கில இருந்தோ பிராட்ஃபோர்டுக்கு வாறது அவைக்கும் செலவு. மாமா அந்த ட்ரெயின் டிக்கட்டையும் ஒரு இரவு தங்கிறதையும் பொறுப்பெடுக்கட்டும். அதில எந்தத் தடையும் இல்லை. சாட்சியின்ர ஸ்டேட்மென்டை நேரத்தோட எடுக்கவேணும், அதால சொலிசிட்டருக்கு இந்தக் கிழமையே பேரைக் குடுங்கோ.